நான் டிரையர் இல்லை

"நூத்திப் பதினொண்ணு!"

மீட்டரின் இரண்டு ஊசிகளையும் கரண்ட் பெட்டியின் துளைகளில் செருகி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே கத்துகிறாள் வெல்டா க்ரூம். மணி மூன்று. எங்கள் ஏரிக்கரைப் பூங்காவில் அறுபத்திரண்டு டிரெய்லர்கள், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடுகள், நிற்கின்றன. பாதிப் பேருக்காவது இந்தக் குரல் கேட்கும். ஹலோ, சௌக்கியமா, வெயிலைப் பார்த்தாயா என்கிற பேச்செல்லாம் அவளிடம் கிடையாது. காலை எட்டுக்கு ஒரு எண், பன்னிரண்டுக்கு ஒரு எண், மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. நூற்றிருபது வோல்ட் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்பதை எங்களுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

வயது எழுபத்திரண்டு. ஆள் குள்ளம். செத்துப்போன புருஷன் லெஸ்டரின் சட்டைகளைக் கை மடித்துப் போட்டுக்கொள்வாள். இடது பையில் டெஸ்டர், வலது பையில் பெப்பர்மின்ட் மிட்டாய். மூக்கில் ஒரு கண்ணாடி, தொப்பியின் மேல் இன்னொரு கண்ணாடி. தொப்பியில் இருப்பதைத் தேடி டிரெய்லர் முழுக்கப் புரட்டிப் போடுவதை வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கலாம். எந்தச் சுவரில் துளையைக் கண்டாலும் மீட்டரைச் செருகிப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. தேவாலயத்தில் எல்லாரும் கொண்டுவந்த பதார்த்தங்களை மேசையில் பரப்பிக்கொண்டிருக்கும்போது இவள் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருப்பாள். பல் பிடுங்கப் போன இடத்தில், நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் பக்கத்துச் சுவரைச் சோதித்தவள். "நூத்திப் பதினெட்டு. சரி, நீ பிடுங்கு" என்றாளாம் டாக்டரிடம்.

அவள் டிரெய்லரிலிருந்து வரும் தடித்த மஞ்சள் ஒயரின் நுனியில், பிளக்கை ஒட்டி, ஒரு தகர அட்டை தொங்கும். அதில் கறுப்பு மையில் பெரிய எழுத்து: நான் டிரையர் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் ஒரு வருஷம் சிரித்தேன். முப்பத்தோரு வருஷம் ஊருக்குள் சலவைக்கடையில் துணி காயவைக்கும் டிரையர்களை மேய்த்தவள், அந்த எரிச்சலில் எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்து நாலு டிரையர். பெல்ட் அறுந்தாலும், கம்பி எரிந்தாலும், யாரோ சட்டைப் பையில் மறந்த மெழுகு க்ரேயான் உருகி ஓடினாலும் இவள்தான் உள்ளே தலையை விடுவாள். லெஸ்டர் போனபிறகு வீட்டை விற்றுவிட்டு இருபத்தெட்டு அடி டிரெய்லரோடு இங்கே வந்து சேர்ந்தாள். "அழுதது ரெண்டு நாள். கக்கூஸ் டேங்க்கைக் காலி பண்ணக் கத்துக்கிட்டது மூணு நாள். அதுக்கப்புறம் ராணி மாதிரி இருக்கேன்" என்பாள்.

என் பெயர் ஹாய்ட். அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கரண்ட் பெட்டி; அவளுக்கு இந்தப் பக்கம் துளை, எனக்கு அந்தப் பக்கம். லாரி ஓட்டிக் காலம் தள்ளியவன் நான். கரண்ட் என்றால் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

டெக்சாஸ் ஜூன் மாதத்தில் மூன்று மணிக்கு மேல் எல்லா டிரெய்லரிலும் ஏ.சி. ஓடும். பூங்காவின் ஒயர்களோ ஏதோ ஒரு காலத்தில் நாலு விளக்கும் ஒரு மின்விசிறியும் போதும் என்று நினைத்துப் புதைத்தவை. அறுபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வோல்ட் மளமளவென்று இறங்கும். குறைந்த வோல்டில் ஏ.சி. ஓடினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். அதனால் வெல்டா தன் ஒயரில் ஒரு காவல் பெட்டி மாட்டியிருந்தாள். நூற்று நாலுக்குக் கீழே போனால் அது டக்கென்று கரண்டை வெட்டிவிடும். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. என் ஏ.சி. எத்தனை குறைந்தாலும் முனகிக்கொண்டே ஓடும். "அதைக் கொஞ்சங் கொஞ்சமாக் கொல்றே நீ" என்று அவள் திட்டுவாள்.

அந்த ஜூன் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு "நூத்தி அஞ்சு" என்று கத்தினாள். ஐந்து மணிக்கு எண் வரவில்லை.

ஐந்தே கால் வரை காத்திருந்தேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு, பிறகு போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திறந்ததும் உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. காவல் பெட்டி வெட்டிவிட்டிருக்கிறது, ஏ.சி. நின்றுவிட்டது, கொஞ்சம் படுத்து எழுந்திருக்கலாம் என்று நினைத்தவள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. அவளை எப்படித்தான் தூக்கினேனோ தெரியாது, என் டிரெய்லருக்குக் கொண்டுவந்து ஈரத் துண்டு போட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். வண்டி வருவதற்குள் கண்ணைத் திறந்தாள்.

"எவ்வளவு காட்டுது?" என்றாள்.

"என்னது?"

"வோல்ட்டு, மடையா."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அன்று இன்னொரு காரியமும் செய்தேன். அவள் மகள் டார்லாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

டார்லா மறுநாளே வெல்டாவின் டிரெய்லரில் வந்து நின்றாள். மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள், நல்ல பெண், கண்ணில் தண்ணீரோடுதான் வந்தாள். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன், ஓடிப்போகவும் முடியவில்லை.

"அம்மா, போதும்மா. நீ எங்களோட வந்துடு. பின்னாடி ரூம் காலியாத்தான் இருக்கு."

"அந்த ரூம் ஜன்னல் எதைப் பாத்து இருக்கு?"

"பக்கத்து வீட்டுச் சுவரை. அதுக்கென்ன இப்ப?"

"இங்க ஏரியைப் பாத்து இருக்கு."

"ஏரியைப் பாத்துக்கிட்டே செத்துப் போவியா? ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டு வாசல்லயே இந்த வண்டி புகைஞ்சுச்சு. பழைய ஒயருன்னு கெண்டல் அன்னிக்கே சொன்னாரு. இப்ப மயங்கி விழுந்திருக்கே. அடுத்தது என்ன, சொல்லு!"

கெண்டல் என்பது டார்லாவின் புருஷன். லைசென்ஸ் எடுத்த எலக்ட்ரீஷியன், வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். அவன் பெயர் வந்ததும் வெல்டா ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் தாயும் மகளும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஜூலை நாலாம் தேதி, நாடே விடுமுறை கொண்டாடும் நாள், பூங்கா நிரம்பி வழியும் நாள், டார்லாவும் கெண்டலும் வருவார்கள். மாலை ஐந்து மணிக்கு டிரெய்லருக்குள் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் வெல்டா மூட்டை கட்ட வேண்டும், மறுபேச்சு கூடாது. கீழே இருந்தால் டார்லா இந்தப் பேச்சையே இனி எடுக்க மாட்டாள்.

போகும்போது டார்லா கதவோரக் கொக்கியைப் பார்த்தாள். போன கிறிஸ்துமஸுக்கு அவளே பின்னிக் கொடுத்த சிவப்புக் கம்பளிச் சட்டை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, மடிப்புக்கூடக் கலையாமல்.

"ஒரு தடவையாச்சும் போட்டியாம்மா?"

"குளிரட்டும், போடறேன்" என்றாள் வெல்டா.

அதற்குப்பின் ஒன்பது நாள் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. நாலு வேளையும் எண்ணைக் கத்துவாள், ஆனால் என் டிரெய்லருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்துவாள். உயிரைக் காப்பாற்றியவனுக்கு இதுதான் மரியாதை. எனக்கும் ரோஷம் இருக்காதா? நானும் பேசவில்லை. பத்தாம் நாள் காலையில், கையில் பீச் பழப் பணியாரத் தட்டோடு என் வாசலில் நின்றாள். பின்னால் பூங்கா மேனேஜர் ரஸ்டி.

"பூஸ்டர் வாங்கிட்டேன்" என்றாள். "குறையற வோல்டைப் பத்துல ஒரு பங்கு ஏத்திக் குடுக்கும். நூத்தி ஒண்ணு வந்தா உள்ள நூத்திப் பதினொண்ணாப் போகும். இவன் விட மாட்டேங்கறான்."

ரஸ்டி கையை விரித்தான். "ரூல் இருக்கு மிஸ் வெல்டா. பக்கத்து ஆளு கரண்ட்டை உறிஞ்சற மெஷினுக்கு இங்க அனுமதி இல்ல."

"உறிஞ்சறதுக்கு அது என்ன கொசுவா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றதுல கொஞ்சம் நிஜம் இருக்கு, அதான் தொல்லை" என்றாள் வெல்டா, என்னைப் பார்த்து. ஒன்பது நாளுக்குப் பிறகு. "அது கரண்டை உண்டாக்கற மெஷின் இல்ல, ஹாய்ட். வோல்டை ஏத்தணும்னா இந்தப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் கூட இழுக்கத்தான் செய்யும். ஒளிச்சு என்ன ஆகப்போகுது? ஆனா நான் தண்ணி சூடாக்கறதை கேஸுக்கு மாத்திடறேன். சமையலும் கேஸ்லதான். நான் கூட இழுக்கறதைவிட விட்டுக் குடுக்கறது அதிகமா இருக்கும்."

ரஸ்டி யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஹாய்ட் சரின்னா மாட்டிக்கோங்க. அவருக்கு ஒரே ஒரு வோல்ட் குறைஞ்சாலும் அன்னிக்கே கழட்டணும்."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒன்பது நாள் முதுகைப் பார்த்தவன், அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா? பணியாரத்தில் ஒரு துண்டு தின்றேன். இன்னொரு துண்டு தின்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சரி என்றேன்.

ஜூலை முதல் தேதி, வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையைத் தொடங்கினாள். கட்டிலின் பலகையைத் தூக்கினால் அடியில் ஒரு பள்ளம். வெளியிலிருந்து வரும் மஞ்சள் ஒயர் அதன் வழியாகத்தான் உள் ஃபியூஸ் பெட்டிக்குப் போகிறது. முதலில் வெளியே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரின் நுனியைத் தரதரவென்று உள்ளே இழுத்துவந்து, தரையில் சுருட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு தலையணையை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"இது என்ன வேடிக்கை?" என்றேன்.

"எவனாவது நல்லவன், ஐயோ பாவம் பிளக்கு கழண்டு கிடக்குதேன்னு சொருகிடுவான். இப்ப எனக்குக் கரண்ட் வரணும்னா என்னைத் தூக்கிட்டுத்தான் சொருகணும்."

பூஸ்டர் பார்ப்பதற்கு ரொட்டி டின் அளவுதான். தூக்கினால் கையே கழன்றுவிடும் கனம். உள்ளே முழுக்கச் செம்புச் சுருளும் இரும்பும். பலகை ஒன்றை அறுத்து, நாலு மூலைக்கும் பழைய சலவை மெஷின் ரப்பர் கால்களை வைத்து, அதன்மேல் அதை போல்ட் போட்டு இறுக்கினாள். ரப்பர் இல்லாவிட்டால் அதன் ரீங்காரம் கட்டில் முழுக்கக் கேட்குமாம். சூடு வெளியேறப் பக்கப் பலகையில் ஏற்கெனவே வட்டமாக இரண்டு ஓட்டை போட்டு வலை அடித்திருந்தாள். பிறகு மஞ்சள் ஒயரை நடுவில் வெட்டினாள். கறுப்புக்குக் கறுப்பு, வெள்ளைக்கு வெள்ளை, பச்சைக்குப் பச்சை. ஒவ்வொரு ஒயரையும் திருகாணிக்குள் நுழைத்து, இறுக்கி, இரண்டு கையாலும் பிடித்துத் தன் எடையை எல்லாம் போட்டு இழுத்துப் பார்த்தாள். ஒன்று லேசாக அசைந்தது. பல்லால் மிட்டாயைக் கடித்து உடைத்துவிட்டு அதைக் கழற்றி மறுபடி போட்டாள்.

நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்திருந்த தலையணைக்கு அடியிலிருந்து தகர அட்டை எட்டிப் பார்த்தது.

"அந்த டிரையர் சமாசாரம் என்னன்னுதான் ஒரு நாளும் சொல்ல மாட்டேங்கறே" என்றேன்.

திருகாணியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "டார்லாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உன் வாய் எனக்குத் தெரியும்."

பண்ணினேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க வீட்டுக்குப் போனேனில்ல? கெண்டல், மாமியார் வர்றாங்களேன்னு ஆசையா, வாசல்ல என் வண்டிக்குன்னே புதுசா ஒரு பிளக் பாயின்ட் போட்டு வெச்சிருந்தான். முப்பது ஆம்பியர், மூணு ஓட்டை. வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு முப்பதுன்னு கேட்டா டிரையர்தான் ஞாபகத்துக்கு வரும். டிரையருக்கு இருநூத்தி நாப்பது வோல்ட். என் வண்டிக்கு நூத்தி இருபது. பாவி மனுஷன் நூத்தி இருபது போக வேண்டிய ஓட்டையில இருநூத்தி நாப்பதை விட்டுட்டான். சொருகினேன். மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், ஏ.சி. எல்லாம் ஒரே புகை."

"அடப்பாவி! அவன்கிட்ட கேக்கலையா?"

"ஓடிவந்தான். பாயின்டைக் கழட்டிப் பாத்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. டார்லா பின்னாடியே வந்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கத்தறா. 'வண்டியில ஒயரு பழசு'ன்னான். நானும் ஆமான்னேன்."

"எதுக்கு?"

"கல்யாணமாகி ஏழு மாசம்தான் ஆச்சு அப்ப. அவன் தொழிலே அதுதான். பொண்டாட்டி முன்னாடி, மாமியார் முன்னாடி அவமானப்பட்டு நிக்கணுமா?" அடுத்த ஒயரைக் கையில் எடுத்தாள். "தப்பு என்னுதும்தான். மருமகன் போட்டதாச்சேன்னு மீட்டர் வெச்சுப் பாக்கல. அன்னியிலேர்ந்து கடவுளே வந்து பிளக் போட்டாலும் நான் மீட்டர் வெச்சுட்டுத்தான் சொருகுவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பொய்யை வைத்துத்தானே மகள் இவளை அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறாள்! சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஆனால் சத்தியம் பண்ணித் தொலைத்துவிட்டேனே.

மூன்று மணிக்கு ரஸ்டி வந்தான். முதலில் அவள் பழைய வழக்கப்படி தண்ணீரைக் கரண்டில் சூடாக்கவிட்டு, பூஸ்டரைச் சேர்க்காமல், என் பக்கத்துத் துளையில் மீட்டரை வைத்தாள். நூற்று ஐந்து. தண்ணீரை கேஸுக்கு மாற்றினாள். நூற்று ஏழு. பூஸ்டரைச் சேர்த்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டக் என்று ஒரு சத்தம், பிறகு பூனை உறங்குகிற மாதிரி ஒரு ரீங்காரம். என் பக்கம் நூற்று ஆறு.

"முன்னைக்கு இப்ப உனக்கு ஒண்ணு லாபம்" என்றாள். ரஸ்டி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

ஆனால் மறுநாள், விடுமுறைக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கிய நாலு மணிக்கு, அவள் ஏ.சி. நின்றுவிட்டது. பூஸ்டர் இருக்கிறது, வேலையும் சுத்தமாகச் செய்திருக்கிறாள், ஆனாலும் நின்றுவிட்டது. அவள் படியில் உட்கார்ந்தாள். ஒரு மிட்டாய், இரண்டு, மூன்று, நாலு. டார்லா வீட்டுப் பின் அறை ஜன்னலில் தெரியும் சுவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அட முண்டமே!" என்று எழுந்தாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"காவல் பெட்டியை இன்னும் வெளியே கரண்ட் பெட்டிகிட்டயே வெச்சிருக்கேன் பாரு! அது குறைஞ்ச வோல்டைத்தானே பாக்குது? உள்ள நான் ஏத்தறது அதுக்கு எப்படித் தெரியும்? வாசல்லயே கதவைச் சாத்திடுது. அதைப் பூஸ்டருக்குப் பின்னாடி வைக்கணும்."

மறுநாள் காலை மறுபடியும் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை இழுத்துவந்து, தலையணை போட்டு அதன்மேல் உட்கார்ந்து, காவல் பெட்டியைப் பூஸ்டருக்கு அடுத்த இடத்துக்கு மாற்றினாள். அன்று பிற்பகல் ஏ.சி. நிற்கவில்லை. ஆனால் கூட்டம் இன்னும் பாதிதான் வந்திருந்தது.

ஜூலை நாலாம் தேதி வெயில் நூற்றாறு. ஒரு இடம் காலியில்லை. கொடிகள், சைக்கிள்கள், மாட்டிறைச்சி வேகும் புகை, தர்பூசணித் தோல். மூன்று மணிக்கு டார்லாவும் கெண்டலும் வந்தார்கள். டார்லா கைப்பையிலிருந்து சொந்தமாக ஒரு தெர்மாமீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சுவத்துல இருக்கறது பொய் சொல்லுதாக்கும்?" என்றாள் வெல்டா.

"அது உன் ஆளும்மா. இது என் ஆளு."

கெண்டல் ஆறடிக்கு மேல் இருப்பான். டிரெய்லருக்குள் குனிந்தபடியே நின்றான். ஏதோ ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் பரவாயில்லை என்கிற மாதிரி கண் அங்கும் இங்கும் அலைந்தது. குளிர்ந்த தேநீர் கொடுத்தாள் வெல்டா. நாங்கள் நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தத் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபத்து நாலு.

நாலேகாலுக்கு வெளியே கூச்சல் கேட்டது. எதிர் வரிசையில் ஒவ்வொரு ஏ.சி.யாக நின்றுபோய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார்கள். யாரோ ரஸ்டியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எங்கள் தலைக்குமேல் ஏ.சி.யின் குரல் ஒரு கணம் கம்மியது. விளக்கு மங்கியது. டார்லா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் டக்.

விளக்கு பளிச்சென்று எழுந்தது. ஏ.சி. பழையபடி முழுக் குரலில் ஓடியது.

"அது என்ன?" என்றான் கெண்டல்.

"பாரேன், கண்ணு. உன் தொழில்தானே."

அவன் கட்டில் பலகையைத் தூக்கி, டார்ச்சோடு மண்டியிட்டுக் குனிந்தான். பத்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"மிஸ் வெல்டா, இந்த முனையெல்லாம் யாரு இறுக்கினது?"

"வேற யாரு? ஹாய்ட் டார்ச்தான் பிடிச்சான். அதுவும் கோணலா."

"எங்கிட்ட வேலை செய்யறவங்ககூட இவ்வளவு சுத்தமாச் செய்ய மாட்டாங்க." சொல்லிவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே கரண்ட் பெட்டியைப் பார்க்கப் போனான்.

ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. பெட்டியின் மூடியைத் தூக்கினான். மஞ்சள் ஒயரைக் கையில் எடுத்தான். அட்டையைத் திருப்பினான். படித்தான். அப்படியே நின்றான். அத்தனை வெயிலில் இரண்டு மூன்று நிமிஷம் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வெல்டாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மிட்டாய் எடுக்கப் பைக்குள் போன கை அங்கேயே இருந்தது.

உள்ளே வந்தவன் உட்காரவில்லை.

"டார்லா, அன்னிக்கு நம்ம வீட்டுல இந்த வண்டி புகைஞ்சது ஒயரு பழசுங்கறதுனால இல்ல. நான்தான் தப்பாப் போட்டேன். டிரையருக்குப் போடற மாதிரி போட்டுட்டேன். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. வண்டியில ஒரு குறையும் இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

டார்லா அவனைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். "அம்மா, உனக்கு இது தெரியுமா?"

"முப்பத்தோரு வருஷம் டிரையர் நாத்தம் பிடிச்ச மூக்கு இது. தெரியாமப் போகுமா?"

"ரெண்டு வருஷமா ஏம்மா சொல்லல? இதை வெச்சுத்தானே உன்னை நான் இத்தனை பாடு படுத்தினேன்!"

"அவன் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள் வெல்டா. "நல்ல பையன், சொல்லுவான்னு தெரியும். இவ்வளவு நாளாகும்னுதான் தெரியாது."

கெண்டல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வைதான் என்று வைத்துக்கொள்வோம். டார்லா ஒரு முறை அவன் தோளில் ஓங்கி அடித்தாள். பிறகு அதே தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. சத்தியத்தை நான் மீறவில்லை என்பதை யாராவது கவனித்தார்களா என்று பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மணி ஐந்து.

வெல்டா மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெட்டியில் செருகினாள். மரத்தடியில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளிய நூத்தி ஒண்ணு!" கத்தினாள். படியேறி, வாசலுக்குப் பக்கத்துத் துளையில் செருகினாள். கதவு வழியாகத் தலையை வெளியே நீட்டினாள். "உள்ள நூத்திப் பதினொண்ணு!"

எதிர் வரிசையில் ஒருவன் விசில் அடித்தான். யாரோ கைதட்டினார்கள். பிறகு மரத்தடி முழுக்கக் கைதட்டியது. ரஸ்டி தூரத்திலிருந்து தொப்பியைக் கழற்றிக் காட்டினான். நாலைந்து பேர் அந்த மெஷின் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

மேசையில் டார்லாவின் தெர்மாமீட்டர் எழுபத்து மூன்று காட்டியது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெல்டா கதவைச் சாத்தினாள். கொக்கியிலிருந்து சிவப்புக் கம்பளிச் சட்டையை எடுத்தாள். மடிப்பை உதறினாள். ஒரு கையை விட்டாள், மறு கையை விட்டாள். பிறகு மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, கழுத்து வரைக்கும் ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தாள்.